இரட்சணிய யாத்திரிகமும் நெல்லைக் கிறித்தவர்களின் நெடுவழியும்

தென்காசி என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு யாத்திரை அடங்கியிருக்கிறது. காசிக்குப் புறப்பட்ட அடியார் பலர் வழியிலேயே மாண்டுபோயினர். அவர்களுக்காகத் தெற்கிலேயே விசுவநாதருக்குப் பராக்கிரம பாண்டியன் கோயில் எழுப்பினான் என்பது இவ்வூரின் தலவரலாறு. திருப்பணி தொடங்கியது 1446இல். சாரல் காலத்தில் ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் வருவோர் இக்கோயில் வாசலின் காற்றையும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள். புறப்பட்டவர் எல்லாரும் போய்ச் சேர்வதில்லை என்ற அறிவு இம்மண்ணுக்குப் பழையது.

இதே திருநெல்வேலிச் சீமையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வேறொரு யாத்திரையைப் பற்றி ஒரு பெருங்காப்பியம் வெளிவந்தது. ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை (1827–1900) பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ அது. ஐந்து பருவங்கள், 3,766 பாடல்கள். அழிவுக்குக் குறிக்கப்பட்ட நாசபுரியை விட்டு ஒருவன் தனியே கிளம்பி, நித்திய வாழ்வுள்ள நகரத்தைத் தேடி நடப்பதே அதன் கதை. இலக்கிய வரலாற்று நூல்கள் இதைக் கிறித்தவக் கம்பரின் நூல் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கிறித்தவ நம்பிக்கையைத் தழுவுவது பற்றிய நூல் என்பதைவிட, தழுவிய பின் கடைசிவரை அதில் நிற்பது பற்றிய நூல் என்று இதைப் படித்தால்தான் இது எழுந்த காலமும் இடமும் விளங்கும்.

நிலைத்திருத்தல் என்னும் சொல்

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் இக்கருத்து பல இடங்களில் வருகிறது. மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இயேசு இடுக்கண்களை முன்னறிவித்து, இறுதிவரை தாங்கி நிற்பவருக்கே மீட்பு உண்டு என்கிறார். ரோமருக்கு எழுதிய மடலின் 5ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு படிவரிசை சொல்கிறார். துன்பத்திலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து பட்டறிவும், அதிலிருந்து நம்பிக்கையும் பிறக்கும் என்பது அது. எபிரெயருக்கு எழுதப்பட்ட மடலின் 11ஆம் அதிகாரமோ முன்னோர் பலரின் பெயரைச் சொல்லி, அவர்கள் வாக்களிக்கப்பட்டதைக் கையில் பெறாமலேயே, தூரத்தில் கண்டு நம்பி இறந்தார்கள் என்கிறது. அவர்களைக் குறிக்கத் தமிழ் விவிலியம் ஆண்ட சொல் ‘பரதேசிகள்’.

நெல்லைப் பக்கம் பரதேசி என்றால் இன்று வசவு. வேற்று நாட்டில் வழிநடப்பவன் என்ற அதன் மூலப்பொருள் தேய்ந்துவிட்டது. கிருஷ்ணபிள்ளை தம் நூலுக்கு ‘யாத்திரிகம்’ என்று பெயர் வைத்தது நல்ல தேர்வு. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நடந்த மக்களுக்கு யாத்திரை என்ற சொல்லின் பாரம் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதையின் மூலம் ஆங்கிலத்தில் ஜான் பன்யன் எழுதிய ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’. அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் போதித்தார் என்பதற்காக 1660இல் பெட்ஃபோர்டு சிறையில் அடைக்கப்பட்ட பன்யன் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கிடந்தார். இனிப் போதிக்க மாட்டேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம், கொடுக்கவில்லை. நூல் 1678இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு காட்சி. நாயகன் ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நின்று கூப்பிடுகிறார்கள். அவனோ இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு, முடிவில்லாத வாழ்வு வேண்டும் என்று கத்தியபடி திரும்பிப் பாராமல் ஓடுகிறான். இங்கிலாந்தில் அதைப் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அது உருவகம். திருநெல்வேலியில் படித்தவர்கள் பலருக்கு அது வீட்டில் நடந்த செய்தி.

முதல் தலைமுறை

திருநெல்வேலியின் சீர்திருத்தத் திருச்சபை வரலாற்றைப் பாளையங்கோட்டையில் வாழ்ந்த கிளாரிந்தா அம்மையாரிலிருந்து தொடங்குவது மரபு. 1785இல் அவர் முயற்சியால் அங்கே ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அங்கு ஊழியத்துக்கு வந்தார். தெற்கே தேரிக்காட்டுப் பகுதியில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் உழைப்பால் சிற்றூர்களில் சபைகள் தோன்றின. அங்கே கிறித்தவரானவர்கள் ஊராரின் பகையால் இருந்த இடத்தில் வாழ முடியாமல் போகவே, 1799இல் நிலம் வாங்கித் தங்களுக்கென ஓர் ஊர் அமைத்தார்கள். முதலாவது ஊர் என்பதால் முதலூர் என்று பெயர்.

அன்று ஒருவர் சமயம் மாறினால் என்ன நேரும் என்பதை இன்றைய வாசகர் எண்ணிப் பார்ப்பது கடினம். கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. வண்ணாரும் நாவிதரும் வரமாட்டார்கள். பனையேறும் மரத்தை நிலக்கிழார் பிடுங்கிக்கொள்வார். பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் இராது. தகப்பன் சொத்தில் பங்கு கிடையாது. சமயமோ சாதியோ மாறியதால் சொத்துரிமை போகாது என்று சட்டம் வந்தது 1850இல்தான் (அவ்வாண்டின் 21ஆம் சட்டம்). சட்டம் வந்ததும் பங்கு வீடு தேடி வந்துவிட்டது என்று பொருளில்லை.

இத்தனைக்கும் நடுவே எத்தனை பேர் நின்றார்கள்? ஜெரிக்கே என்னும் ஜெர்மன் குரு 1802இல் இப்பகுதியில் சுற்றியபோதும், அவரைத் தொடர்ந்து சத்தியநாதன் சென்றபோதும் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். அடுத்த ஆண்டே ஜெரிக்கே இறந்தார். பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் போதிய மேய்ப்பில்லை. இடையில் 1811ஐ ஒட்டி ஒரு கொடிய காய்ச்சல் பரவியது. சாவைக் கண்டு அஞ்சிப் பலர் பழைய தெய்வங்களிடம் திரும்பினர். 1816இல் பாளையங்கோட்டைப் படையினரின் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் ஊர் ஊராகத் தேடிப் பார்த்தபோது, சிதறிக் கிடந்த சிற்றூர்களில் ஏறத்தாழ 3,000 பேர் இன்னும் கிறித்தவராக இருக்கக் கண்டார். விழுந்தவர்களைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளையின் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும் இரவில் யார் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. ஆனால் குருவும் பள்ளியும் புத்தகமும் இல்லாமல் நின்ற அந்த 3,000 பேரே பிந்திய திருநெல்வேலித் திருச்சபையின் அடிக்கல். அவர்களில் மிகப் பலருடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

1820இல் வந்த ரேனியஸ், துன்புறுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்கென்றே தர்மச் சங்கம் அமைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் வரை சபைகள் பரவியது அதன் பிறகுதான். இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சுரண்டை, ஆலங்குளத்தை அடுத்த நல்லூர் ஆகிய ஊர்களின் பழைய ஆலயங்கள் அக்காலப் பணியின் தொடர்ச்சி.

கரையிருப்பு முதல் மயிலாப்பூர் வரை

கிருஷ்ணபிள்ளையின் வழி வேறு. நெல்லையைச் சேர்ந்த கரையிருப்பில், வேளாளர் குலத்து வைணவக் குடும்பத்தில், 1827 ஏப்ரல் 23 அன்று பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். தாய் தெய்வநாயகி அம்மாள். வீட்டிலேயே கம்பனும் ஆழ்வார்களும் காதில் விழ வளர்ந்த பிள்ளை அவர். அவருக்குத் தமிழ் பிழைப்பாகவும் பக்தியாகவும் ஒன்றாகவே வாய்த்தது.

1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. தேர்ந்தெடுத்தவர் கால்டுவெல். ஜி. யு. போப் சில ஆண்டுகளுக்கு முன் வளர்த்துவிட்டுப் போன இடம் அது. திருமண் இட்ட வைணவர் ஒருவர் கிறித்தவ மாணவருக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சமயத்தின்மேல் அவருக்கு நல்லெண்ணம் இருக்கவில்லை. மனம் மாறியது ஒரே நாளில் அன்று. நண்பர் தனக்கோடி ராஜுவின் பேச்சும், படித்த நூல்களும், தம்முள் நடந்த வாதமும் சேர்ந்து ஐந்தாண்டுகள் பிடித்தன. தம்பி முத்தையா பிள்ளையும் அதே வழியில் வந்தார்.

1858 ஏப்ரல் 18 அன்று சென்னை மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் கிருஷ்ணபிள்ளை திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அன்று சேர்ந்த பெயர். கிருஷ்ணன் என்னும் பெயரை அவர் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போது வயது முப்பது. நடந்த இடம் சொந்த ஊரிலிருந்து பல நாள் பயணத் தொலைவு. திருநெல்வேலிக்கு அன்று இரயில் கிடையாது.

இதற்குப் பின் அவர் வாழ்ந்தது நாற்பத்திரண்டு ஆண்டுகள். வாழ்க்கை வரலாறு எழுதியோர் பலரும் மனமாற்றத்துக்கு நிறையப் பக்கம் ஒதுக்கி, இந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளைப் பணிப்பட்டியலாகச் சுருக்கிவிடுகிறார்கள். சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரி என ஆசிரியர் வேலை தொடர்ந்தது. 1883இல் ‘இலக்கண சூடாமணி’ வந்தது. பன்யனின் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கும் வேலை அன்றாடப் பாடங்களுக்கு நடுவில் நடந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ‘நற்போதகம்’ என்ற மாத இதழில் அது பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளியானது. பதின்மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் விருத்தம் எழுதி அனுப்பும் உழைப்பு எப்படிப்பட்டது என்பது, மாதம் ஒரு கட்டுரை அனுப்புவதற்கே திணறும் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். நூல் வடிவம் பெற்றது 1894 மே மாதம். அவருக்கு அப்போது 67 வயது. சாயர்புரத்தில் அவரைத் தேர்ந்தெடுத்த கால்டுவெல் 1891இலும், பாளையங்கோட்டையின் சார்ஜெண்ட் 1889இலும் மறைந்துவிட்டார்கள். அவ்விருவரும் நூலைப் பார்க்கவில்லை.

கம்பனை விடாத யாத்திரிகன்

சமயம் மாறியவர் தம் தமிழையும் மாற்றிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி இச்சீமையில் முன்பே எழுந்ததுதான். குற்றாலத்தை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடியது பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், அதே குறவஞ்சி வடிவத்தை எடுத்து 1800இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். ஆகவே அருவிக்கரையில் தழைத்த இலக்கிய வடிவம் கிறித்தவத்துக்கும் இடம் கொடுத்திருந்தது. கிருஷ்ணபிள்ளை கை வைத்தது இன்னும் பெரிய இடத்தில், கம்பனிடத்தில்.

நூலின் உறுப்புகளைப் பார்த்தாலே இது தெரியும். உட்பிரிவுகளுக்குப் படலம் என்று பெயர். அது கம்பன் வழி. பெரும்பிரிவுகளுக்குப் பருவம், அது பாரதத்தின் வழி. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என்ற ஐந்தில், ‘ஆரணியம்’ என்றதுமே படிப்பவன் மனத்தில் இராமன் நடந்த காடு வந்து நிற்கும். ஆனால் ஒரு வேறுபாடு. கம்பனில் காடு என்பது கெடு முடிந்ததும் திரும்பி வருவதற்கு உரியது. பதினான்கு ஆண்டு கழிந்தால் அயோத்தி காத்திருக்கும். யாத்திரிகனுக்குத் திரும்பும் ஊர் கிடையாது. விட்டு வந்த ஊர் எரியப் போகிறது. எல்லை எத்தனை ஆண்டு என்றும் யாரும் சொல்லவில்லை. கிருஷ்ணபிள்ளை காப்பிய மரபை அப்படியே வாங்கினாலும், அதற்குள் இருக்கும் காத்திருப்பின் பொருளை மாற்றிவிட்டார் என்பேன்.

இன்னொரு மாற்றமும் முக்கியமானது. பன்யனின் கதையில் சிலுவை வரும் இடம் சிறிது. சுமை தோளிலிருந்து கழன்று உருண்டு போகிறது, அவ்வளவே. கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று ஒன்றை அமைத்து, இயேசு பிடிபட்டு, அடிபட்டு, சிலுவையில் இறந்த கதை முழுவதையும் விரித்துப் பாடினார். வழிநடப்பவன் தன் வழியில் படப்போகும் அடிகளுக்கு முன்னால், முன் நடந்தவர் பட்டதைக் காண வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. எள்ளியவர்களையும் அடித்தவர்களையும் சினவாமல் நிற்கும் அந்த உருவம் நூலின் மையம். நான் படித்தவரை, இப்படலத்துக்கு ஈடாகத் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் தேம்பாவணியின் சில பகுதிகளைத்தான் சொல்ல முடியும்.

காப்பியத்தின் இடையிடையே 144 பாடல்கள் தேவாரம் என்ற பெயரில் வருகின்றன. திருத்தலம் தோறும் அடியார் நின்று பாடும் பழைய பக்தி மரபு இது. நடக்க முடியாமல் போகும்போது யாத்திரிகனுக்குப் பாட்டு. இப்பாடல்களில் சில காப்பியத்தை ஒருபோதும் தொடாத மக்களின் வாயிலும் ஆலய வழிபாட்டில் இன்றுவரை ஒலிக்கின்றன.

வழியில் காத்திருப்பவை

மூலக்கதையில் பயணிக்கு நேரும் ஆபத்துகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். வாளெடுத்து எதிர்க்கும் அரக்கன் ஒருமுறைதான் வருகிறான். மாயச் சந்தையில் துணைவனை எரித்துக் கொல்வது ஒருமுறைதான். மற்றவை எல்லாம் மெல்லக் கொல்லும் ஆபத்துகள். குன்றேறும்போது நிழல் கண்டு உட்கார்ந்து தூங்கி, கையிலிருந்த சுருளைத் தவறவிட்டு, மீண்டும் கீழே இறங்கித் தேடுகிறான். கரடான பாதைக்குப் பக்கத்தில் புல்வெளி மெத்தென்று இருப்பதைக் கண்டு வேலி தாண்டுகிறான். அங்கே அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டைச் சிறையில் போய் விழுகிறான். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த பிறகு, வாக்குறுதி என்ற சாவி தன் மார்புக்குள்ளேயே இருந்தது நினைவுக்கு வருகிறது. வகுப்பில் இதைச் சொன்னால், அப்படியானால் முதல் நாளே ஏன் எடுக்கவில்லை சார் என்று எவனாவது ஒருவன் கட்டாயம் கேட்பான். ஊருக்கு அருகில் வந்த பின்பும் ஒரு மயக்க நிலம் உண்டு. அங்கே செய்ய வேண்டியது ஒன்றே: தூங்கிவிடக் கூடாது.

இது எண்பதுகளின் திருநெல்வேலிக்கு, அதாவது 1880களுக்கு, நேராகப் பொருந்தியது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போதும் அதற்குப் பின்னும் இங்கே பல்லாயிரம் பேர் திருச்சபையில் சேர்ந்தனர். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர்களிடம் மக்கள் வந்தது வியப்பன்று. சோற்றுக்காக வந்தவர்கள், மழை பெய்தால் போய்விடுவார்கள் என்று வெளியில் இருந்தவர்கள் ஏளனம் செய்தனர். உள்ளே இருந்தவர்களுக்கும் அந்த ஐயம் இருந்தது. சிலர் திரும்பியும் போனார்கள். மிகப் பலர் நின்றார்கள். வந்த காரணம் ஒன்றாக இருக்கலாம், நின்ற காரணம் வேறாக இருக்கலாம் என்பதை அன்றைய ஏளனக்காரர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் ‘நற்போதகம்’ மாதந்தோறும் யாத்திரிகனை ஓரடி ஓரடியாக நடத்திக்கொண்டு வந்தது. விருத்தப்பா புரியாத சிற்றூர்ச் சபைகளில் உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் கதையை வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள் என்று கொள்வது மிகையாகாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணபிள்ளையின் இழப்பு உறவும் மதிப்பும் சார்ந்தது. வேலையும் புலமையும் கையில் இருந்தன. பனையேறிக் குடும்பங்களின் இழப்பு குடிநீரும் கூரையும். காப்பியம் பாடியவர் ஒருவர், காப்பியத்தில் பாடப்பட்ட நடையை உண்மையில் நடந்தவர்கள் பெரும்பாலும் வேறு பலர். சாதியால் பிரிந்து உட்கார்ந்த சபைகளும் அன்று இருந்தன. இந்தக் குறைகளோடுதான் அந்த நூலைப் படிக்க வேண்டும். ஆனால் நாசபுரியிலிருந்து கிளம்பியவனுக்கு அந்நூல் குலம் கேட்கவில்லை.

பாலமில்லாத ஆறு

பன்யன் கதையின் கடைசியில் ஓர் ஆறு வருகிறது. அக்கரையில் நகரம் தெரிகிறது, பாலம் கிடையாது. ஆற்றின் ஆழம் கடப்பவனின் நம்பிக்கைக்கு ஏற்பக் கூடும், குறையும். இத்தனை தூரம் வந்த நாயகன் அங்கே மூழ்கத் தொடங்கி, எல்லாம் வீண் என்று அலறுகிறான். கூட வந்த துணைவன்தான் தரை தட்டுகிறது என்று சொல்லித் தலையைத் தூக்கிப் பிடிக்கிறான். இன்னொருவன் ஓடக்காரனை அமர்த்திக்கொண்டு நனையாமலே அக்கரை சேர்கிறான். ஆனால் வாசலில் காட்ட அவனிடம் சீட்டு இல்லை. கதை முழுவதும் இதுதான் எனக்கு மிகக் கடுமையான பகுதி.

‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலாக வந்த பிறகும் கிருஷ்ணபிள்ளை எழுதுவதை நிறுத்தவில்லை. 1898இல் ‘இரட்சணிய சமய நிர்ணயம்’, 1899இல் ‘இரட்சணிய மனோகரம்’ வெளிவந்தன. பின்னது துதிப்பாடல்களின் தொகுப்பு. 1900 பிப்ரவரி 3 அன்று அவர் காலமானார்.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூலில் இன்று இந்நூலிலிருந்து சில பாடல்கள் இடம்பெற்றுள்ளன. எடுக்கப்பட்டிருப்பது இயேசு கட்டப்பட்டு நிற்கும் பகுதி. ஆற்றைக் கடக்கும் பகுதியைத் தேடுவோர் முழுநூலின் இறுதிப் பருவத்துக்குச் செல்ல வேண்டும்.